பித்தப்பையை எடுத்துவிட்ட மகளுக்கு

குடியாத்தம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நேற்று நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட பிறகு, பேச்சில் பாதி விட்டுப்போகும், எழுதிவிடுவதே நல்லது என்று உட்கார்ந்தேன். அறுவை சிகிச்சை முடிந்து இத்தனை மாதங்களாகியும் சாப்பிட்டு எழுவதற்குள் வயிறு கலக்குகிறது, அலுவலகத்துக்குப் புறப்படவே பயமாக இருக்கிறது, ஸ்கேனிலோ ஒன்றுமில்லை என்கிறார்கள், எல்லாம் என் மனப்பிரமைதானா என்று கேட்டாய். இல்லையம்மா. பிரமை அல்ல, அறுவை சிகிச்சை தவறிப்போய்விட்டது என்றும் நினைத்துக்கொள்ளாதே.

இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் உனக்கும் ஒருமுறை சொல்கிறேன். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பங்கைப் பித்தப்பை வாங்கி, கெட்டியாக்கி வைத்திருந்து, கொழுப்புள்ள உணவு குடலுக்குள் இறங்கியதும் சுருங்கி அனுப்பிவைக்கும். இப்போது சுரப்பு குறையவில்லை, சேர்த்துவைக்கும் இடம்தான் இல்லை. மாடித் தொட்டியை எடுத்துவிட்டு மோட்டார் தண்ணீரை நேரே குழாயில் விட்டதுபோல, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பித்தநீர் குடலில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வழக்கமாக அந்தப் பித்தநீரில் உள்ள பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். சிலருக்கு அளவுக்கு மீறிய பங்கு பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. அங்கே அது நீரை இழுத்துக் குடலை முடுக்கிவிடுகிறது. நீ சொன்ன மஞ்சளான நீர்ப்போக்கும், கதவைத் திறப்பதற்குள் வரும் அவசரமும் இதனால் இருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. ஸ்கேன் கல்லையும் வீக்கத்தையும் காட்டும்; இந்தக் கோளாறு அதில் தெரிவதில்லை.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். இதே பையை எடுத்துக்கொண்ட அம்மாவுக்கு அடங்க நாளாயிற்று என்பது உனக்கு நினைவிருக்கும். அப்போது நீ விடுதியில் இருந்ததால் முழுவதும் தெரிந்திருக்காது. உறவினர்கள் ஆளுக்கொரு பேச்சாக, இனிமேல் ஆயுள் முழுக்கக் கஞ்சிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு உன் காதுக்கு வந்தால் தள்ளிவிடு. 1882ஆம் ஆண்டிலேயே பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற மருத்துவர் முதன்முதலில் இந்தப் பையை அகற்றிக் காட்டினார். அன்றிலிருந்து எத்தனையோ பேர் பித்தப்பை இல்லாமல் நன்றாக வாழ்ந்திருக்கிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை, நீ பயந்துகொண்டு பட்டினி கிடப்பதுதான். காலையில் வெறும் காப்பி, மத்தியானம் இரண்டு பிஸ்கட், இரவு ஒரேயடியாக வயிறு முட்டச் சாப்பாடு என்றாயே, அதைவிடக் கெடுதலான முறை கிடையாது. காப்பி தானே குடலை முடுக்கும். வெறும் வயிற்றில் அது வேண்டாம். கொழுப்பை அறவே விடவும் வேண்டாம். ஒரே வேளையில் மொத்தமாகப் போடாமல் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வதே முறை. அம்மா காலையில் ஒரு சிறு டம்ளரில் அன்றைக்கு வேண்டிய எண்ணெயை ஊற்றி அடுப்பு மேடையில் வைத்துவிடுவாள். தாளிப்பது, தோசைக்குத் தடவுவது எல்லாம் அதற்குள்தான். டம்ளர் காலியானால் இரவு இட்லி. நம் ஊர் முள்ளுக் கத்திரிக்காயை எண்ணெயில் வதக்கியே பழகியவள், தணலில் சுட்டுத் தோலை உரித்துப் புளி கரைத்துக் கடைந்தாள். கேழ்வரகுக் களிக்கு அது இன்னும் நன்றாகவே பொருந்தியது. ஆம்பூர் பிரியாணியைக்கூட அவள் விடவில்லை. நெய் குறைந்த மேல் சோறாகக் கொஞ்சம் எடுத்து, கறியில் கொழுப்பை ஒதுக்கிவிட்டு, மத்தியானத்தில் மட்டும் சாப்பிடுவாள்.

புனேயில் உங்கள் கேன்டீனில் தரும் மிசல் என்ற பயறுக் குழம்பின் மேல் சிவப்பாக மிதக்கும் எண்ணெயை நானே பார்த்திருக்கிறேன். அதை நிறுத்திப் பார். பாலும் சிலருக்குச் சேராது. ஆனால் எது சேரவில்லை என்று ஊகிக்காதே. ஒரு நோட்டில் சாப்பிட்டது, நேரம், அதன் பிறகு வயிறு என்ன செய்தது என்று இரண்டு வாரம் எழுதிவா. ஓட்ஸ், வாழைப்பழம் போன்று கரையும் நார் உள்ளவை மலத்தைச் சற்றுக் கட்டும். இசப்கோல் என்ற விதை உமியும் அப்படித்தான், ஒரு கரண்டி எடுத்து நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு குடல் மருத்துவரிடம் போ. வயிறு சரியில்லை என்று பொதுவாகச் சொன்னால் வாயு மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இது பித்த அமிலத்தால் வரும் வயிற்றுப்போக்காக இருக்குமா என்று நேராகவே கேள். அப்படித்தான் என்றால் கொலஸ்டிரமின் என்ற தூள் மருந்து உண்டு. அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடும். அம்மாவுக்குக் குணம் தெரிந்தது அதில்தான். ஆனால் மற்ற மாத்திரைகளையும் அது சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதை மறக்காதே. நீ காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறவள். இரண்டுக்கும் இடையில் குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். மருத்துவரிடம் அதை நீயே எடுத்துச் சொல்.

இனி எழுதுவதை மட்டும் அம்மா இரண்டுமுறை சொல்லி எழுதச் சொன்னாள். கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, மலம் வெளுத்துப்போவது, குளிர் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே பிடித்து விடாத வலி, இவற்றில் எது வந்தாலும் அது சேராத உணவின் வேலை அல்ல. பித்தநாளத்தில் கல் தங்கியிருக்கக்கூடும். பை போன பிறகும் அது நடப்பதுண்டு. நம் பக்கத்தில் மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். நாளத்தில் அடைத்த கல்லை அது எடுக்காது, நாள்தான் போகும். இரவு எத்தனை மணியானாலும் விடியட்டும் என்று இருக்காமல், உடனே தோழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிடு. எங்களுக்கு அங்கிருந்து சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா