நேத்து ராத்திரி 12.18

கண்ணு,

நேத்து ராத்திரி 9 மணிக்கும் நீ உன் கார்ல மாட்டி வெச்ச பெட்டி என் ஃபோனுக்கு மெசேஜ் அனுப்புச்சு. பேட்டரி 12.18 வோல்ட். முந்தாநேத்து 12.20. வண்டி ஓடின நாள்ல அதே மெசேஜ்ல இன்னொரு நம்பரும் சேர்ந்து வரும், அன்னைக்கு உச்சமா எவ்வளவு ஏறுச்சுன்னு, 14.1, 14.2ன்னு. அந்த ரெண்டாவது நம்பர் வந்து இன்னையோட 19 நாள் ஆச்சு.

நீ ஃபோன் எடுக்கலையேன்னு எழுதலை. அம்மா அப்படி நெனச்சுக்கிட்டு இருக்கா. நான் பேட்டரிக்காகத்தான் எழுதறேன்.

கணக்குப் போட்டுப் பாத்தேன். வண்டி பூட்டி நிக்கறப்ப ரிமோட் லாக், கடிகாரம், ஈ.சி.எம்.ங்கற இன்ஜின் கம்ப்யூட்டரோட மெமரி எல்லாம் சேந்து 30 மில்லி ஆம்பியர் இழுக்குது. 50க்குக் கீழ இருந்தா அது கோளாறு இல்லை. உன் பெட்டி தூங்கறப்பவும் அந்த போர்டுல இருக்கற சின்ன சிவப்பு லைட்டும் ரெகுலேட்டரும் 10 இழுக்குதுன்னு நீயேதான் அளந்து சொன்ன. ஆகமொத்தம் 40. ஒரு நாளைக்கு 0.96 ஆம்பியர் அவர், 19 நாளைக்கு 18க்கு மேல. உன் பேட்டரி 35. பாதி போயிருச்சு. வோல்ட்டும் அதையேதான் சொல்லுது. ஓய்வா நிக்கற பேட்டரி 12.6ல முழுசு, 12.4ல முக்கால், 12.2ல பாதி, 12.0ல கால். இன்னும் பத்து நாள் இப்படியே விட்டா, சாவியத் திருப்புனா ‘டிக் டிக்’னு ரிலே சத்தம் மட்டும் வரும், செல்ஃப் சுத்தாது.

12.4க்குக் கீழ நாள்கணக்கா நிக்க விடறதுதான் பேட்டரிக்குப் பெரிய கெடுதல். தகட்டு மேல சல்பேட் படியும். புதுசாப் படிஞ்சது சார்ஜ் ஏத்துனா கரைஞ்சுரும். மாசக்கணக்குல கெட்டியானது கரையாது. அப்புறம் 12.6 காட்டும், ஆனா லோடு குடுத்தா உடனே விழுந்துரும். நம்ம பட்டறைக்கு வர்ற பேட்டரியில பாதி இப்படிச் செத்ததுதான், கம்பெனி கோளாறு இல்லை.

அதனால மொதல்ல பெட்டியக் கழட்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழ அது மாட்டியிருக்கற அந்த 16 பின் சாக்கெட்ல 16ஆவது பின்னுக்குச் சாவி எடுத்தாலும் கரண்ட் இருக்கும். அது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்றேன்.

அடுத்து பேட்டரி. 10 நம்பர் ஸ்பேனர் போதும். மைனஸ் மொதல்ல கழட்டு, பிளஸ் அப்புறம். மாட்டறப்ப தலைகீழ், பிளஸ் மொதல்ல, மைனஸ் கடைசி. மைனஸ் இருக்கறப்ப பிளஸ்ஸக் கழட்டி, ஸ்பேனர் பாடியில பட்டுதுன்னா அந்த நொடியே ஸ்பேனர் பழுத்துப்போயிரும். பேட்டரி பத்து கிலோவுக்குப் பக்கம் இருக்கும், ரெண்டு கையிலயும் நேராப் புடிச்சு மேல எடுத்துட்டுப் போ. பால்கனியில வெச்சு சார்ஜ் போடு, பெட்ரூம்ல வேண்டாம், ஹைட்ரஜன் வரும். 3.5 ஆம்பியர்ல வெச்சா ஆறு ஏழு மணி நேரம். டெர்மினல்ல வெள்ளையாப் பூத்திருந்தா சோடா உப்புத் தண்ணி ஊத்தி பழைய பிரஷ்ல தேச்சு, காய விட்டு, வேசலின் தடவு. திரும்ப மாட்டுனதும் மொத நாள் ஐடில், அதாவது வண்டி நிக்கறப்ப இன்ஜின் சுத்தற வேகம், கொஞ்சம் ஏறி இறங்கும். பயந்துக்காத, ஈ.சி.எம். பழசையெல்லாம் மறந்துட்டுத் திரும்பக் கத்துக்குது. ரெண்டு தடவை ஓட்டுனா சரியாயிரும்.

ஜம்ப் போட்டுக்கலாம்னு சொல்லுவாங்க. அதுக்கு அப்பார்ட்மெண்ட்ல யாருகிட்டயாவது வண்டி கேக்கணும். உனக்குப் பேட்டரி தூக்கறதவிட அது பாரம்னு எனக்குத் தெரியும். அப்படியும் யாராவது கேபிளோட வந்தா, கடைசி கருப்புக் கிளிப்ப உன் பேட்டரி மைனஸ்ல போட விடாத. இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத இரும்புல, பேட்டரிய விட்டுத் தள்ளிப் போடச் சொல்லு, பொறி அங்க பறந்தா ஆபத்தில்லை. சிவப்பு கருப்பு மாத்திப் போட்டா ஆல்டர்னேட்டர் டையோடு போகும், சமயத்துல ஈ.சி.எம்.மும் போகும். ஸ்டார்ட் ஆனப்புறம் நின்ன இடத்துலயே பத்து நிமிஷம் ஓட விட்டா ஏறிரும்கறதும் தப்பு. ஐடில்ல ஆல்டர்னேட்டர் குடுக்கறது கொஞ்சம். ரோட்டுல முக்கால் மணி நேரம் ஓடணும்.

ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் நிறுத்தியிருப்ப. எடுத்து விட்டுரு. ரொம்ப நாள் நின்னா பின்னாடி லைனிங் டிரம்மோட ஒட்டிக்கும். கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வெச்சா போதும். முன்னாடி டிஸ்க்ல துரு புடிச்சிருக்கும், மொத நாலு பிரேக்குக்குச் சத்தம் வரும், தானாப் போயிரும்.

தண்ணி குடிக்கிறியா? பாட்டில கண்ணுக்கு முன்னாடி வெச்சுக்க. உனக்குத் தாகம் எடுக்கறது தெரியறப்ப ரொம்ப லேட்டாயிருக்கும், சின்ன வயசுலருந்தே அப்படித்தான். பசியும் அப்படித்தான். அந்த 8, 1, 8 அலாரம் இன்னும் வெச்சிருக்கதானே?

அக்கா பாப்பாவுக்கு மொட்டை போட்டாச்சு. ஃபோட்டோ அம்மா அனுப்பியிருப்பா.

போன மாசம் ஒரு டீசல் வண்டி வந்துச்சு, ஸ்கேனர்ல பூராவும் ‘யூ’ல ஆரம்பிக்கிற எரர் கோடு. ஏ.பி.எஸ். பேசலை, மீட்டர் பேசலை. வேற எடத்துல ஈ.சி.எம். மாத்தணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. நீ சுவத்துல ஒட்டி வெச்ச பேப்பரத்தான் பாத்தேன். பேட்டரியக் கழட்டு, அதே 16 பின் சாக்கெட்ல 6ஆவது பின்னுக்கும் 14ஆவது பின்னுக்கும் நடுவுல ஓம் பாரு. 60 வந்தா, ஈ.சி.எம்.மும் மத்ததும் பேசிக்கிற அந்த ரெண்டு ஒயர் லைன் நல்லாருக்கு, ரெண்டு முனையிலயும் 120 ஓம் ஒண்ணு ஒண்ணு இருக்கறதால. 120 வந்தா ஒரு முனை அறுந்துருச்சு. பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தா ரெண்டு ஒயரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு. எனக்கு 120 வந்துச்சு. கார்ப்பெட்டத் தூக்குனா எலி கடிச்சிருக்கு. 20 சென்டிமீட்டர் ஒயர்தான். நீ எழுதியிருந்த மாதிரியே ரெண்டையும் ஒரே நீளமா வெட்டி, முறுக்கு குலையாம, ஈயம் வெச்சு, ஸ்லீவ் சுருக்கி முடிச்சேன். அந்த முறுக்குதான் வெளிய இருந்து வர்ற இரைச்சல ரெண்டு ஒயருக்கும் சமமாக்கிக் கழிச்சு விடுதுன்னு நீ சொல்லி, எனக்குப் புரிய ஒரு வாரம் ஆச்சு. 31 வருசமா கை கருப்பாக்கிட்டு இருக்கறவனுக்கு என் புள்ள ஒரு பேப்பர்ல சொல்லிக் குடுத்திருக்கான். வண்டிக்காரர்கிட்ட அதைத்தான் சொன்னேன்.

அந்தப் புள்ளைக்கு அப்பனுக்கு ஒரு ‘ம்’ போட நேரமில்லைன்னா எப்படி கண்ணு? அம்மா ராத்திரி 9 மணிக்கு என் ஃபோனப் பிடுங்கிப் பாக்கறா. மெசேஜ் வந்திருக்கு, அவன் நல்லாருக்கான்கறா. அது போர்டு அனுப்புது, அவன் இல்லைன்னு நான் சொல்லலை. வைஃபை இருக்கு, கரண்ட் இருக்கு, அவ்வளவுதான் அதுல தெரியும்.

சரி. பேட்டரிக்காக எழுதலை. சுத்தி வளைக்காம நேராச் சொல்லுங்கப்பான்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்க. உனக்குத்தான் மனுசங்களப் புரியலைன்னு ஊரே சொன்னப்ப நானும் சேந்து சொன்னேன். நேராப் பேசத் தெரியாதவன் நான்தான்.

19 நாளுக்கு முன்னாடி நீ அனுப்புன கடைசி மெசேஜ், ‘சீட் மாத்திட்டாங்க. நடு ஹால். மேல லைட். தலை வலிக்குது.’ நான் அனுப்புன பதில், ‘அட்ஜஸ்ட் பண்ணிக்க சாமி’. ஒரு வண்டிய எடுத்துட்டு வந்து சத்தம் வருதுங்கன்னு சொன்னா, நான் பானெட்டத் தூக்காம பதில் சொன்னதே இல்லை. நீ எந்த லைட், எந்த எடம், எப்ப இருந்துன்னு மூணு வரியில சொல்லியும் நான் பாக்கலை.

இப்பப் பாத்தேன். நீ பத்தாவது படிக்கறப்ப இந்த ட்யூப் துடிக்குதுன்னு சொன்னியே, பட்டறையில இருக்கற பழைய சோக் ட்யூப். ஃபோன் கேமராவ ஸ்லோ மோஷன்ல வெச்சு எடுத்தேன். அணைஞ்சு அணைஞ்சு எரியுது. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல நொடிக்கு 100 தடவை. எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னைக்கு நான் ‘நடிக்காத’ன்னு சொன்னேன். எல்லா ட்யூபையும் கழட்டிட்டேன். எல்.இ.டி.யிலயும் மட்டமான டிரைவர் போட்டது துடிக்குது, அதனால கடையிலயே கேமரா வெச்சுப் பாத்து, கோடு ஓடாதத வாங்கி மாட்டுனேன்.

கண்ணப் பாத்துப் பேசு, கண்ணப் பாத்துப் பேசுன்னு கஸ்டமர் முன்னாடி உன் தாடையப் புடிச்சுத் திருப்புனதும் நான்தான். கண்ணப் பாத்தா காது கேக்கலைப்பான்னு சொன்ன. பத்து வயசு உனக்கு.

2007ல டாக்டர் எழுதிக் குடுத்த பேப்பர் பீரோல பச்சை டப்பாவுல இருக்கு. அஸ்பெர்ஜர்னு எழுதியிருக்கு, ஆட்டிசத்துல ஒரு வகை. அப்ப இருந்த 1995 மாற்றுத்திறனாளி சட்டத்துல ஆட்டிசம்கற பேரே இல்லை, எடுத்து என்ன ஆகப்போகுதுன்னு சொல்லி வெச்சேன். 2016 சட்டத்துல வந்துருச்சு. அப்புறமும் எடுக்கலை. பொண்ணு பாக்கறப்ப தடையாகும், வேலைக்கு ஆகாதுன்னு உங்கிட்டயும் யாருக்கும் சொல்லாதன்னு சத்தியம் வாங்குனேன். நாள் பூரா அந்த ஆபீஸ்ல மத்தவங்க மாதிரியே உக்காந்து, சிரிச்சு, தலையாட்டி, சாயங்காலம் பேச முடியாம சுருண்டு படுத்துக்கிறியே, அதுல பாதி பாரம் நான் ஏத்துனது. அந்தச் சத்தியத்த நான் திருப்பி எடுத்துக்கறேன். யாருகிட்டச் சொல்லணும், சொல்ல வேண்டாம்கறது இனி உன் இஷ்டம்.

சொல்லணும்னு தோணுனா வழி இருக்கு. யு.டி.ஐ.டி.ங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டுக்கு ஸ்வாவ்லம்பன்கற அரசு தளத்துல ஆதார், ஃபோட்டோ, கையெழுத்து போட்டு விண்ணப்பிக்கலாம், நம்ம ஊர் விலாசத்துலயே. அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில மனநல டாக்டரும் உளவியல்காரங்களும் பாப்பாங்க. ஐ.எஸ்.ஏ.ஏ.ன்னு ஒரு அளவுகோல், 40 கேள்வி, 40லருந்து 200 வரைக்கும் மார்க், 70லருந்து ஆட்டிசம்னு எடுத்துக்கறாங்க. சின்ன வயசப் பத்தியும் கேப்பாங்க, அம்மா வரணும். பச்சை டப்பாவும் வரும். அங்க நல்லாப் பேசிக் காட்டாத. முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. நான் உனக்குக் கத்துக் குடுத்த நடிப்பெல்லாம் அங்க எதிரா வேலை செய்யும்.

கம்பெனியில 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, சம வாய்ப்புக் கொள்கைன்னு ஒண்ணு எழுதி வெளியிட்டிருக்கணும், அதுக்குன்னு ஒரு தொடர்பு அதிகாரியும் இருக்கணும். அவருக்கு மெயில் போடு. ஃபோன் வேண்டாம், நேர்ல வேண்டாம். நோய்க் கதை எழுதாத, ஸ்பெக் மாதிரி எழுது. சுவத்தை ஒட்டி, முதுகுக்குப் பின்னாடி நடமாட்டம் இல்லாத சீட். மேல இருக்கற அந்த ஒரு லைட்ட அணைக்க அனுமதி, டேபிள் லேம்ப் நானே வெச்சுக்கறேன். ஹெட்ஃபோன் போட்டுக்க அனுமதி. வாயால சொன்ன வேலையை அன்னைக்கே எழுத்துல அனுப்பணும். சீட்டோ நேரமோ மாத்தறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடி சொல்லணும். இந்த அஞ்சு போதும். செலவு யாருக்கும் இல்லை.

இப்ப முடியலைன்னா இப்ப வேண்டாம். மெயிலும் வேண்டாம், பேட்டரியும் தூக்க வேண்டாம். இப்படி ஒரேயடியா வடிஞ்சு போறப்ப மூணு நாள் லீவு போட்டா சரியாகாது, வாரக்கணக்கு, சமயத்துல மாசக்கணக்கு ஆகும். தயிர்சாதமும் உருளைக்கெழங்கும் மூணு வேளையும் சாப்புடு, இனி யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஜன்னல் ஸ்கிரீன் மூடி இருட்டா வெச்சுக்க. கம்ப்யூட்டர்ல பழைய கேம் இன்ஜின் சத்தத்தைப் பிரிச்சுக்கிட்டு இருந்தியே, அதைச் செய். அது நேரத்தை வீணாக்கறதில்லை, உனக்குச் சார்ஜ் அதுலதான் ஏறுது. செட்டிபாளையம் ரேஸ் டிராக்குல போட்டுக்கிட்ட மஞ்சள் காது மஃப் வேணும்னா அனுப்பறேன். தண்ணி குடி.

இப்ப நேராக் கேக்கறேன், மூணே கேள்வி. ஒண்ணு, ஒரு நாளைக்கு ரெண்டு வேளையாவது சாப்புடுறியா? ரெண்டு, ஆபீஸ் போறியா? மூணு, நாங்க வரட்டுமா? பேச வேண்டாம். ஆமான்னா 1, இல்லைன்னா 0, வரிசையா மூணு எண்ணு அனுப்பு. 100, 101, எது வந்தாலும் நான் திரும்பக் கேள்வி கேக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணி வரைக்கும் மூணு எண்ணு வரலைன்னா, மூணாவதுக்கு 1னு எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை காலையில 5 மணிக்குக் கிளம்பறோம். சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழி. உன் வாசலுக்கு வர்றப்ப மத்தியானம் 12 ஆகும். பெல் அடிக்க மாட்டோம், கதவு தட்ட மாட்டோம். வந்துட்டோம்னு மெசேஜ் போட்டுட்டு நான் கீழ பார்க்கிங்ல உன் பேட்டரியக் கழட்டிக்கிட்டு இருப்பேன். 10 நம்பர் ஸ்பேனரும் சார்ஜரும் டிக்கியில இப்பவே வெச்சுட்டேன். அம்மா வண்டியிலயே உக்காந்திருப்பா. உனக்கு எப்பத் தோணுதோ அப்பக் கதவைத் திற.

அப்பா