நியூ மெக்சிகோவிலிருந்து நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலியோடு திண்ணையே கதி என்று கிடப்பதாக எழுதியிருக்கிறாய். எனக்கும் அதே மூட்டு வலிதான். ஆனாலும் ஓய்வு பெற்ற கையோடு கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு நானும் உன் தங்கையும் நியூ மெக்சிகோ பாலைவனத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டோம். இங்கே அமெரிக்காவில் 62 வயதானவர்களுக்கு 80 டாலரில் ஓர் அட்டை தருகிறார்கள். ஆயுள் முழுக்கத் தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. கிழடாவதிலும் லாபம் உண்டு.

ஒயிட் சாண்ட்ஸ் என்ற வெண்மணல் குன்றுப் பூங்காவில் மணல் என்பது பேச்சுக்குத்தான்; அத்தனையும் ஜிப்சம். உன் கடலைக்காட்டுக்கு மூட்டை மூட்டையாகப் போடுகிறாயே, அதே சரக்கு. வெயிலில் அவ்வளவாகச் சூடேறாது என்பதால் நண்பகலில் வெறுங்காலோடு நடந்தோம். பக்கத்தில் ஏவுகணைத் தளம். சோதனை நடந்தால் சாலையை மூடிவிடுவார்கள்.

ஆனால் நான் எழுத நினைத்தது சாக்கோ பள்ளத்தாக்கைப் பற்றி. கடைசிப் பகுதி மண்சாலை. வண்டி குலுங்கிய குலுக்கலில் மிளகாய்த்தூள் டப்பா திறந்து, ஊர் போய்ச் சேரும்வரை இருவரும் தும்மினோம். அங்கே பியூப்லோ பொனிட்டோ என்று கல்லால் எழுப்பிய பெருமாளிகை. 9ஆம் நூற்றாண்டில் தொடங்கிப் பல தலைமுறைகளாக, இங்குள்ள பூர்வகுடிகளான பியூப்லோ மக்களின் முன்னோர் கட்டியது. 600க்கும் மேற்பட்ட அறைகள். சுவர்களில் உத்தர முனைகள் இன்னும் துருத்திக்கொண்டிருக்கின்றன. அந்தப் பொட்டலில் ஏது மரம்? 75 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சஸ்கா மலையிலிருந்தெல்லாம் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வண்டி இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை, மனிதர் சுமந்ததுதான். அதைக் கேட்ட பிறகு என் மூட்டைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் செங்குத்துப் பாறையில் ஒரு பிளவு வழியாக ஏறினோம். ஓர் ஆள் நுழையும் இடுக்கு; பையைக் கழற்றி மேலே தள்ளிவிட்டுக் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். உச்சியில் தட்டையான பாறையில் விரல் பருமனில் குழல் குழலாகத் தடங்கள். இது கடலாக இருந்த காலத்தில் இறால்கள் குடைந்த வளைகளாம். உன் தங்கை குனிந்து தடவிப் பார்த்து, “குடிக்கத் தண்ணீர் சுமந்து வரும் ஊரில் இறாலா!” என்றாள்.

அக்டோபரில் வா. கோடையில் வெயில் கொல்லும். ஜூலை, ஆகஸ்டில் திடீர் வெள்ளம் வேறு. இரவில் நல்ல குளிர், கம்பளி அவசியம். பியூப்லோ பொனிட்டோ ஜாடிகளில் கொக்கோ ஒட்டியிருந்ததை 2009இல் கண்டுபிடித்தார்கள். அது தெற்கே வெகுதூரத்திலிருந்து கால்நடையாக வந்த சரக்கு. நீ விமானத்தில்தானே வருகிறாய்? இரண்டு கிலோ காபிப்பொடி கொண்டுவர மூக்கால் அழாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்