"எங்கே போனது?": செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு இதே மேடையில் நான் வாசித்த அறிக்கை, நட்ட மரக்கன்றுகளையும் நடத்திய ஊர்வலங்களையும் வாரிய குப்பை மூட்டைகளையும் எண்ணிக் காட்டியது. வாசித்து முடித்து அமரப் போகும்போது கடைசி வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுந்து, "வாரிய குப்பையெல்லாம் எங்கே போனது, செயலாளரே?" என்று கேட்டார். லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம் என்றேன். "லாரி எங்கே போனது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவையில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். இந்த ஆண்டு நம் சங்கம் செய்த வேலையின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான்.

செயற்குழு தன் முதல் கூட்டத்திலேயே இரண்டு முடிவுகளை எடுத்தது. மாதக் கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு வகை மாசை மட்டும் எடுத்துப் பேச வேண்டும், கூட்டக் குறிப்பேட்டில் "எங்கே போனது?" என்று தனியாக ஒரு பத்தி கோடிட்டு, பேசிய ஒவ்வொன்றுக்கும் அதை நிரப்ப வேண்டும். குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் மிகுந்த பகுதி அதுதான் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

காற்று மாசுக்கு ஒரு கூட்டம் போதும் என்று நினைத்தோம், மூன்று தேவைப்பட்டன. பலரும் கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைப் பற்றியே பேச வந்திருந்தார்கள். ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியரான நம் உறுப்பினர் தம் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் வைத்து, "இதன் குறுக்களவு சுமார் 70 மைக்ரோமீட்டர். நாம் அஞ்ச வேண்டிய துகள் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும்" என்றார். (இழப்பதற்கு அவரிடம் அதிக முடி இல்லை என்பதால் இந்தத் தியாகத்தைக் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறோம்.) வாகனப் புகை, நிலக்கரி, விறகடுப்பு, திறந்த வெளியில் எரியும் குப்பை என எல்லாவற்றிலிருந்தும் வரும் இந்த நுண்துகள் மூக்கிலோ தொண்டையிலோ தங்குவதில்லை. நுரையீரலின் அடிவரை இறங்குகிறது. அதிலும் மிக நுண்ணியவை இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இதன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனம், 2021-இல் அந்த அளவை 5 ஆகக் குறைத்துவிட்டது.

லண்டனின் 1952 டிசம்பரைப் பற்றி இளைஞர் அணி பேசியது. குளிர்ந்த காற்று தரையோடு ஒட்டி நிற்க, அதன்மேல் வெப்பக் காற்று பானை மூடிபோலக் கவிந்துகொண்டது. வீடுகளிலும் ஆலைகளிலும் எரிந்த நிலக்கரியின் புகைக்கு மேலே போக வழியில்லை. ஐந்து நாட்கள். அன்றைய கணக்கில் சுமார் 4,000 பேர் இறந்தார்கள். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் 12,000 வரை சொல்கிறார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இந்த அளவு பலருக்கும் தெரிந்த கதை. எங்களை உலுக்கியது இதற்கு அடுத்த அத்தியாயம். புகை ஊருக்குள் தங்கக் கூடாது என்று பிரிட்டனின் மின் நிலையங்களில் புகைபோக்கிகளை மேலும் மேலும் உயர்த்திக் கட்டினார்கள். ஊர்க் காற்று தெளிந்தது. புகையிலிருந்த கந்தக டை ஆக்சைடோ கடல் தாண்டிப் போய், ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாக இறங்கி மீன்களைக் கொன்றது. தொலைவில் எரியும் எரிபொருளுக்கும் தங்கள் நாட்டு மழைக்கும் உள்ள தொடர்பை 1960-களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வான்டே ஓடேன் எடுத்துக்காட்டினார். நம் குறிப்பேட்டின் பத்தியில் அன்று எழுதிய விடை: "அடுத்த நாட்டு ஏரிக்கு."

இதற்கு மாற்று உண்டா என்று கேட்ட உறுப்பினருக்கு ஆசிரியர் அடுத்த கூட்டத்தில் பதில் கொண்டுவந்தார். புகையைச் சுண்ணாம்புக்கல் கலந்த கரைசலின் வழியாகச் செலுத்தினால் கந்தகம் அதில் பிடிபட்டு ஜிப்சமாக மாறுகிறது. அந்த ஜிப்சம் சுவர்ப் பலகை செய்யப் பயன்படுகிறது. "சுவருக்கு" என்று பத்தியில் எழுதினேன். ஆண்டு முழுவதும் நான் நிம்மதியாக எழுதிய மிகச் சில விடைகளில் அது ஒன்று.

மூன்றாவது கூட்டத்தை வாகனப் பழுதுபார்ப்பில் நெடுங்காலம் இருந்த நம் உறுப்பினர் நடத்தினார். என்ஜின் தட்டும் ஓசையை அடக்க, பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலக்கலாம் என்று 1921-இல் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். ஈயம் நஞ்சு என்று அப்போதே எச்சரித்த மருத்துவர்கள் இருந்தார்கள். வியாபாரம் அவர்களைவிட வேகமாக ஓடியது. சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-இல். சரியாக நூறு ஆண்டுகள். புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் பொருத்தும் வினையூக்கி மாற்றி ஈயம் பட்டால் கெட்டுவிடும் என்பதும் பல நாடுகள் ஈயத்தைக் கைவிட ஒரு காரணம் என்று அவர் விளக்கினார். எரிந்த ஈயம் எங்கே போனது? குழந்தைகளின் இரத்தத்துக்கும் சாலையோர மண்ணுக்கும். இரத்தத்தில் அளவு இறங்கியிருக்கிறது. மண்ணில் விழுந்தது இன்னும் அங்கேயே கிடக்கிறது.

அதே மிட்ஜ்லிதான் குளிர்பதனப் பெட்டிகளுக்கான குளோரோஃபுளோரோகார்பனையும் உருவாக்கினார். எரியாது, நச்சில்லை, எதனோடும் வினை புரியாது என்று புகழப்பட்டது. அப்படி எதனோடும் சேராமல் மேலே போனது ஓசோன் படலத்தில் சிதைந்து, அதிலிருந்து வெளிவந்த குளோரின் ஓசோனை அழித்தது. அண்டார்டிகாவின் மேல் படலம் மெலிந்ததை 1985-இல் அறிவித்தார்கள். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இன்று அந்தப் படலம் மெல்லத் தேறிவருகிறது. "எதுவும் மாறாது" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லும் நம் மூத்த உறுப்பினர் அன்று மட்டும் எதுவும் சொல்லவில்லை.

நீர் மாசில் மினமாட்டாவைப் பேசாமல் இருக்க முடியாது. ஜப்பானில் அந்த விரிகுடாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை பாதரசம் கலந்த கழிவை 1932 முதல் 1968 வரை கொட்டியது. கடலின் அளவோடு பார்த்தால் பாதரசம் சொற்பம்தான். ஆனால் சிறு உயிரிலிருந்து சிறு மீனுக்கும், அதிலிருந்து பெரிய மீனுக்கும் ஏற ஏற அது செறிந்துகொண்டே போனது. அந்த மீனைத் தின்ற பூனைகள் நடுங்கிச் சுழன்று விழுந்தன; பிறகு மனிதர்கள். 1956-இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கொட்டுவது நிற்க மேலும் 12 ஆண்டுகள் ஆயின. கழிவை ஏராளமான தண்ணீரில் கரைத்துவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணத்தை இதைவிடக் கொடுமையாக உடைத்த நிகழ்வு எனக்குத் தெரியாது. அந்த ஊரின் பெயரிலேயே பாதரசத்துக்கான உலக உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டது.

அடுத்தது வீட்டுக் கழிவுநீர். இங்கே உறுப்பினர்கள் நெளியத் தொடங்கினார்கள், ஏனென்றால் குற்றவாளி ஆலை அல்ல. கனடாவில் 226 என்ற எண்ணிட்ட ஏரியை 1973-இல் விஞ்ஞானிகள் திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் பச்சைப் பசேல் என்று பாசி படர்ந்தது, மறுபக்கம் தெளிவாக இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. பாஸ்பரஸ் உரத்திலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் சலவைத்தூளிலிருந்தும் வருகிறது. ஆலைகளின் சூடான நீரை அப்படியே விடுவதும் மாசுதான்: 0 டிகிரி நீர் ஒரு லிட்டரில் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மட்டுமே.

இதையொட்டி எடுத்த தீர்மானங்கள் எளியவை. பாஸ்பேட் இல்லாத சலவைத்தூளை, பொட்டலத்தில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் பயன்படுத்துவது; காலாவதியான மருந்தையும் பெயின்ட் மிச்சத்தையும் பழைய எண்ணெயையும் சாக்கடையில் ஊற்றாமல் இருப்பது; தோட்டத்துக்கு உரமிடும் முன் மண்ணைச் சோதிப்பது. மழை வரும் நாளுக்கு முன் உரம் போடக் கூடாது என்பதை ஒரு விவசாயி உறுப்பினர் சேர்த்தார். அதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

மண் மாசுக் கூட்டத்தில் சண்டை வந்தது, மறைப்பதற்கில்லை. குப்பையை எரித்தால் இடம் சுத்தமாகும், கிருமியும் சாகும் என்று ஒரு தரப்பு. பிவிசி போன்ற குளோரின் உள்ள பிளாஸ்டிக் திறந்த வெளியில் எரிந்தால் டயாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது, அது கொழுப்பில் தங்கி உணவு வழியாகத் திரும்பி வருகிறது என்று மறு தரப்பு. சரி, எரிக்காமல் குவித்து வைத்தால்? மக்கும் கழிவு காற்றுப் படாமல் புதைந்தால் மீத்தேன் வருகிறது. 20 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இரண்டு தரப்பும் வாயடைத்துப்போன பிறகுதான் பிரித்து வைப்பது என்ற பழைய அறிவுரைக்கு மதிப்பு வந்தது. மக்கும் கழிவைத் தனியே எடுத்துக் காற்றோட்டத்தோடு கிளறி உரமாக்கினால், மூட்டையின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்குக் கொடுக்கிறோமே என்ற ஆறுதலும் நீடிக்கவில்லை. உலக அளவில் பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியாவது 9 விழுக்காடு அளவில்தான் நிற்கிறது. பாலியெஸ்டர் துணியைத் துவைத்தாலே நுண்ணிழைகள் நீரில் கலக்கின்றன. டயர் தேய்ந்தாலும் துகள்தான். எனவே வாங்காமல் இருப்பது முதலில், திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது இரண்டாவது, மறுசுழற்சி கடைசியில் என்று வரிசையை மாற்றி எழுதினோம். கடைசியில் இருப்பதைத்தான் விளம்பரங்கள் முதலில் சொல்கின்றன.

ஒலி மாசுக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கினோம், அதையும் நாமே கெடுத்துக்கொண்டோம். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 88-இல் நான்கு மணி நேரமே தாங்கும். இதை ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியின் இரைச்சல் தாளாமல் முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போய் அமர்ந்தார்கள். இன்று ஒலிபெருக்கி இல்லாமல் நான் வாசிப்பதன் காரணம் இதுவே. ஒளி மாசைப் பற்றி ஒரு வரிதான்: விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, வேண்டாதபோது அணைத்தால் போதும். மாசுகளில் உடனே தீரக்கூடியவற்றில் அது ஒன்று.

நம்முடைய தவறுகளையும் பதிவு செய்ய வேண்டும். நெகிழி ஒழிப்புப் பேரணிக்கு நெகிழிப் பதாகை அடித்தது செயலாளரின் தவறு. அது இப்போது அலுவலகக் கூரைக்கு அடியில் சுருட்டிக் கிடக்கிறது; பத்தியில் "பரண்" என்று எழுதியிருக்கிறேன். மரக்கன்றுகளை நட்டதோடு விட்டோம், நீர் ஊற்ற ஆள் நியமிக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

வரும் ஆண்டில் புதிய மாசு எதையும் எடுத்துப் பேச வேண்டாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. நம் உறுப்பினர் வீடுகளிலிருந்து வெளியேறும் நீர், குப்பை இரண்டையும் கடைசி இடம் வரை பின்தொடர்ந்து போய்ப் பார்த்து எழுதுவதே ஒரே வேலை. அதற்கு விடாமல் கேள்வி கேட்கும் ஒருவர் தேவை. ஆகவே சென்ற ஆண்டு கடைசி வரிசையிலிருந்து எழுந்த அந்த உறுப்பினரைத் துணைச் செயலாளராக முன்மொழிகிறேன். அவருடைய சம்மதத்தை இன்னும் கேட்கவில்லை. இன்றும் கடைசி வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்