கட்டி சுருங்கலைங்கிறதுக்காக மருந்து தோத்துடுச்சுன்னு எழுதிடாதீங்க

கேன்சர் ட்ரயலுக்கு ப்ரோட்டோகால் (ட்ரயலை எப்படி நடத்தணும்ங்கிற திட்டம்) எழுதுற, ட்ரயல் நடத்துற, எத்திக்ஸ் கமிட்டியில உக்கார்ற நம்ம தமிழ் டாக்டர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் வணக்கம். நீங்க சென்னையில இருக்கலாம், ஹூஸ்டன்ல இருக்கலாம், லண்டன்ல இருக்கலாம், இந்த மடல் உங்க எல்லாருக்கும்தான்.

நான் டாக்டர் இல்ல. மாலிக்யூலர் பயாலஜி படிச்சுட்டு வேற வேலைக்குப் போயிட்டாலும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் விடாம படிச்சுட்டு வர்ற ஆளு. ஜீன் சைலன்சிங், அதாவது ஒரு ஜீனை வேலை செய்ய விடாம வாயடைக்கிறது பத்திதான் பேச வந்தேன், அதுவும் கட்டியை அழிக்கிறதுக்கு இல்ல, கேன்சர் பரவாம தடுக்கிறதுக்கு. மார்புல வந்தது மார்போட நின்னுட்டா ஆபரேஷன்ல எடுத்துடலாம், ஆளைக் கொண்டுபோறது பெரும்பாலும் நுரையீரலுக்கும் எலும்புக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும் போய்ச் சேர்ற செல்லுங்கதான்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. எங்க பெரியம்மாவுக்கு மார்புல எடுத்த இடம் கடைசி வரைக்கும் சுத்தமா இருந்துச்சு, நுரையீரல்ல வந்ததுதான் உயிரை எடுத்துச்சு.

2007ல அமெரிக்காவுல ராபர்ட் வைன்பெர்க் லேப்ல லீ மாவும் கூட இருந்தவங்களும் மிர்-10பின்னு ஒரு மைக்ரோ ஆர்என்ஏ (மத்த ஜீன்களை அடக்குற குட்டி ஆர்என்ஏ) மார்பகக் கேன்சர் செல்லைப் பரவ வைக்குதுன்னு காட்டுனாங்க. ட்விஸ்ட்ங்கிற ஜீன் மிர்-10பியை ஏத்திவிடுது, மிர்-10பி போய் ஹாக்ஸ்-டி10 புரதம் உருவாகாம அமுக்குது, அது அமுங்குனதும் ரோ-சிங்கிற இன்னொரு புரதம் ஏறுது, செல் இருந்த இடத்தை விட்டு நகர ஆரம்பிச்சுடுது. அப்புறம் 2010ல அதே குழு அந்த மிர்-10பியை வாயடைக்கிற ஆன்டகோமிர்ங்கிற மருந்தை கட்டி இருக்கிற எலிங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க, மார்புல இருந்த கட்டி கொஞ்சம்கூட குறையல, வழக்கம்போல வளந்துச்சு, ஆனா நுரையீரல்ல வர்ற கட்டிங்க வெகுவா குறைஞ்சு போச்சு. இந்த ரிசல்ட்டை தயவுசெஞ்சு இன்னொரு தடவ நிதானமா படிங்க, ஏன்னா இதே மருந்தை மனுசங்களுக்கு நாம வழக்கமா நடத்துற மாதிரி ஒரு ஃபேஸ் 2 ட்ரயல்ல (மருந்து வேலை செய்யுதான்னு பாக்கிற ரெண்டாம் கட்ட சோதனை) போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா எனக்கு வயிறு எரியுது.

மருந்து வேலை செய்யுதான்னு ஸ்கேனை வெச்சு அளக்கிற ரெசிஸ்ட்ங்கிற விதிக் கணக்குப்படி கட்டிங்களோட அளவைக் கூட்டிப் பாக்குறீங்க, 30 சதவீதம் குறைஞ்சா மருந்து வேலை செய்யுது, 20 சதவீதம் ஏறுனா நோய் முத்திடுச்சு, ஆளை ட்ரயல்ல இருந்து எடுத்துடு. புதுசா ஒரு இடத்துல கட்டி வந்தாலும் நோய் முத்திடுச்சுன்னுதான் பதிவாகும், ஒத்துக்கிறேன். ஆனா பழைய கட்டி வளந்ததும் புது இடத்துக்குப் பரவுனதும் ஒரே தலைப்புக்குக் கீழ போயிடுது பாருங்க, அங்கதான் என் சண்டை. புது இடத்துக்கு ஒரு செல்லைக்கூட விடாம பிடிச்சு வெச்சிருக்கிற மருந்துகூட, இருக்கிற கட்டி கொஞ்சம் வளந்ததுங்கிற ஒரே காரணத்துக்காக தோல்வின்னு ஃபைல்ல ஏறிடும்.

இது என்னோட சொந்தக் கண்டுபிடிப்பு இல்ல. 1988ல என்எம்23ங்கிற முதல் மெட்டாஸ்டாசிஸ் (பரவல்) அடக்கி ஜீனைக் கண்டுபிடிச்ச பட்ரிஷியா ஸ்டீக் அம்மா 2012லயே நேச்சர் இதழ்ல இதைத்தான் எழுதுனாங்க, பரவலைத் தடுக்கிற மருந்தை பரவலை வெச்சு அளங்கன்னு. அப்படி அளக்க முடியும்ங்கிறதுக்கு ஆதாரமும் வந்தாச்சு. 2018 பிப்ரவரியில மருந்துகளுக்கு அனுமதி குடுக்கிற அமெரிக்க எஃப்டிஏ, அபாலுடமைடுங்கிற மருந்துக்கு அனுமதி குடுத்தது, நோய் வேற இடத்துக்குப் பரவாம எத்தனை மாசம் இருந்தாங்கங்கிறதை வெச்சுத்தான், மருந்து எடுத்தவங்களுக்கு 40.5 மாசம், எடுக்காதவங்களுக்கு 16.2 மாசம். அது ஜீன் சைலன்சிங் மருந்து இல்ல, ப்ராஸ்டேட் கேன்சருக்கான ஹார்மோன் தடுப்பு மாத்திரை. ஆனா கதவு திறந்திருக்கில்ல?

இன்னொண்ணு, எப்ப குடுக்கிறோம்ங்கிறது. அந்த 2010 ஆராய்ச்சியிலயே, செல்லுங்க ஏற்கனவே ரத்தத்துல இறங்கிப் பரவுன பிறகு ஆன்டகோமிர் பெருசா எதுவும் செய்யலன்னு தெரிஞ்சுது. ஆனா புது மருந்துன்னா நாம முதல்ல யாருக்குக் குடுக்கிறோம், எல்லா கீமோவும் பாத்து முடிஞ்சு நாலஞ்சு இடத்துல பரவி நிக்கிறவங்களுக்கு. வேற வழி இல்லாதவங்களுக்கு முதல்ல குடுக்கிறதுல இருக்கிற நியாயம் எனக்குப் புரியுது, பாதுகாப்பா இருக்கான்னு பாக்க அது சரி, ஆனா மருந்து வேலை செய்யுதான்னு தீர்ப்பு சொல்ல அவங்க சரியான ஆளுங்க இல்ல. நிணநீர் முடிச்சு வரைக்கும் வந்து நிக்கிறவங்க, இல்ல ஒண்ணு ரெண்டு இடத்துல வந்து அதை எடுத்துட்டு நிக்கிறவங்க, இவங்களை ரேண்டமா ரெண்டா பிரிச்சு அடுத்த புதுக் கட்டி எப்ப வருதுன்னு பாருங்க. ஆரம்பக் கட்ட நோயாளிங்கள வெச்சு செஞ்சா ஆயிரக்கணக்குல ஆள் வேணும், வருசக்கணக்குல காத்திருக்கணும், பணம் யார் குடுப்பான்னு கேப்பீங்க. அதனாலதான் சீக்கிரம் திரும்ப வர்ற ஆபத்து அதிகமா இருக்கிறவங்களைச் சொல்றேன்.

இந்த வழியில ஆபத்தே இல்லன்னு நான் சொல்ல வரல. மிர்-34ஏங்கிற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏவைப் போல செஞ்ச எம்ஆர்எக்ஸ்34ங்கிற மருந்து (இது மைக்ரோ ஆர்என்ஏவை வாயடைக்கிறது இல்ல, அதைப் போலவே வேலை செய்யுறது, ஆனா ரெண்டும் மைக்ரோ ஆர்என்ஏவை வெச்சு செய்யுற மருந்துதான்) 2016ல நிறுத்தப்பட்டுச்சு, உடம்போட எதிர்ப்பாற்றல் தாறுமாறா கிளம்பி நோயாளிங்க உயிரே போயிருக்கு. மருந்தைக் கட்டிக்குக் கொண்டு சேர்க்கிறதும் இன்னும் பெரிய தலைவலிதான். 1998ல ஆண்ட்ரூ ஃபயரும் க்ரெய்க் மெல்லோவும் புழுவுல ஆர்என்ஏ குறுக்கீட்டை (ஆர்என்ஏவை வெச்சே ஜீனை வாயடைக்கிற வழி) காட்டி 2006ல நோபல் வாங்குனாங்க, 2018ல அந்த வழியில வேலை செய்யுற குட்டி ஆர்என்ஏவான எஸ்ஐ-ஆர்என்ஏவை வெச்சு செஞ்ச முதல் மருந்து பாட்டிசிரான் வந்துச்சு, அப்புறம் கிவோசிரான், லுமாசிரான், கொலஸ்ட்ராலுக்கு வருசத்துக்கு ரெண்டு ஊசி போடுற இன்க்ளிசிரான்னு வரிசையா வந்துச்சு, ஆனா எல்லாமே கல்லீரல்ல வேலை செய்யுறது. கல்லீரல் செல்லுக்கு கேல்நாக்னு ஒரு சர்க்கரை விலாசம் மாதிரி அமைஞ்சுபோச்சு, கட்டிக்கு அப்படி ஒண்ணு இன்னும் சரியா கிடைக்கல. மிர்-10பியை அடக்குற மருந்தை இரும்பு ஆக்சைடு நானோ துகள்ல ஏத்தி டிடிஎக்ஸ்-எம்சி138ங்கிற பேர்ல மனுசங்ககிட்ட சோதிக்க ஆரம்பிச்சிருக்காங்க, அது ஜெயிக்குமா தோக்குமான்னு நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். தோத்தா நிஜமாவே பரவலைத் தடுக்க முடியாம தோக்கட்டும், தப்பான அளவுகோலால தோக்க வேண்டாம்.

உங்ககிட்ட கேக்குறது ரெண்டுதான். பரவலைத் தடுக்கிறதா சொல்ற எந்த மருந்தோட ப்ரோட்டோகால் உங்க மேசைக்கு வந்தாலும், புது இடத்துல கட்டி வர ஆன காலத்தைத் தனியா பதிவு பண்றாங்களா, பழைய கட்டி மட்டும் வளந்தா ஆளை உடனே வெளிய அனுப்பிடுவாங்களான்னு கேளுங்க, கேட்டதை மினிட்ஸ்ல ஏத்துங்க. அப்புறம் தமிழ் நோயாளிங்க கையெழுத்துப் போடுற சம்மதப் படிவத்துல, இந்த மருந்து உங்க கட்டியைச் சின்னதாக்காம போகலாம், இது பரவாம தடுக்குதான்னுதான் பாக்குறோம்னு பச்சைத் தமிழ்ல ஒரு வரி போடுங்க, ஸ்கேன்ல கட்டி அப்படியே இருக்கிறதைப் பாத்து மனசு உடைஞ்சு பாதியில நின்னுடாம இருப்பாங்க.