எனக்கும் ரிட்டையர்மெண்ட் ஆகிவிட்டதடி

திருச்சி,
நவம்பர் 9

அன்புள்ள கோமு,

நலம், நலமறிய ஆவல். உன் முழங்கால் வலி, மாப்பிள்ளையின் வேலை மாற்றம், மாமியாரின் கண் ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விசாரிப்பாக வைத்துக்கொள். நீ மட்டும் தனித்தனியாகப் பதில் எழுது.

போனில் சொல்லியிருக்கலாம். பாதியிலேயே "சரி விடுடி" என்பாய். இது விடுகிற விஷயமில்லை.

போன வாரம் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ போனேன். பேர் வேண்டாம், உன் நாத்தனார் காதுக்குப் போய்விடும். பிரின்சிபால் அம்மா சின்னப்பெண்தான். என் ஃபைலை மெதுவாகப் புரட்டினாள். பதான்கோட், மீரட், திமாப்பூர், ஜோத்பூர், செகந்திராபாத், வெலிங்டன். ஊருக்கு ஒரு லெட்டர்ஹெட், எல்லாவற்றிலும் "ஒப்பந்த அடிப்படையில்". கடைசித் தாள் வரை பார்த்துவிட்டு, "ஏன் மேடம், எங்கேயும் ரெண்டு வருஷத்துக்கு மேல நிலைச்சு நிக்கலையே, ஏதாவது பிரச்சினையா?" என்றாள்.

பிரச்சினைதான், கல்யாணம் என்று அதற்குப் பேர். இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பதில் எல்லாம் ஆட்டோ ஏறின பிறகுதானே தோன்றும்! பாட்டனி வைவா அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் நின்று உன்னிடம் அத்தனை பதிலையும் ஒப்பித்தேனே. கடைசியில், பிரசவ லீவில் போகிற டீச்சருக்குப் பதிலாக ஆறு மாசம் வர முடியுமா என்று கேட்டார்கள். மறுபடியும் ஒப்பந்த அடிப்படையில். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்கப் போவதில்லை.

இவர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் அதைத்தானே கேட்கிறீர்கள். பட்டாளத்தில் இவர் மாதிரி கர்னலுக்கு 54 வயதில் ஓய்வு. பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60. மேலே போகப் போக நாற்காலி குறைச்சல். பதவி உயர்வு கொடுக்கிற போர்டில் பேர் வரவில்லை என்றால் அவ்வளவுதான், காரணம் கேட்டு யாரும் வாய் திறப்பதில்லை. உன் வீட்டுக்காரர் பேங்கில் அறுபது வரை உட்கார்ந்து எழுந்தாரே, அந்தப் பாக்கியம் இவருக்கில்லை. வந்த முதல் மாசம் சும்மா இருந்தார். இரண்டாவது மாசம் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி ஆகிவிட்டார். இப்போது வாட்ச்மேன்களுக்கு எழுத்துபூர்வமாக உத்தரவு, பார்க்கிங்கில் வெள்ளைக்கோடு, குப்பை வண்டிக்கு நேரம். தண்ணீர் லாரிக்காரன் இவரைப் பார்த்தால் அட்டென்ஷனில் நிற்கிறான். மூணாம் மாடி மாமி என்னிடம் வந்து, "உங்காத்துக்காரரை எங்கேயாவது டூர் அழைச்சுண்டு போங்களேன்" என்கிறார். சிரிக்காதே. ராத்திரி அவர் பட்டாலியன் வாட்ஸாப் குரூப்பை விரலால் தள்ளிக்கொண்டே முழித்திருப்பதை நீ பார்த்ததில்லை.

சரி, அவருக்காவது எல்லோரும் "அடுத்து என்ன செய்யப் போறீங்க, சார்?" என்று கேட்கிறார்கள். என்னை ஒருத்தர் கேட்டதில்லை.

கிளம்பும்போது ஆபீசர்ஸ் மெஸ்ஸில் டைனிங் அவுட் என்று வழியனுப்பு விருந்து கொடுத்தார்கள். இவருக்குப் பேர் பொறித்த வெள்ளித்தட்டு, எனக்குப் பூங்கொத்து. இவரைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள். என்னைப் பற்றி ஒரே வரி: "அவருக்குத் தூணாக நின்றவர்." தூண்! கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நடுவில் நின்று எல்லோருக்கும் இடைஞ்சல் பண்ணுமே, அந்தத் தூண்தான் எனக்கு ஞாபகம் வந்தது. சிரித்தபடி வாங்கிக்கொண்டேன். பழக்கம்.

இவர் பட்டாலியனை கமாண்ட் பண்ணின காலத்தில் நான் என்ன செய்தேன் என்று உனக்கே முழுக்கத் தெரியாது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் உண்டு. எண்ணூறு பேர் பக்கம் ஜவான்கள். அதில் ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் என் பொறுப்பு. யார் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை. சி.ஓ., அதாவது கமாண்டிங் ஆபீசர், பெண்டாட்டி என்றால் அது தானாக வந்து தலையில் உட்காரும். உசிலம்பட்டிப் பெண் ஒருத்தி, பத்தொன்பது வயசு, ஊரைவிட்டு முதல் தடவையாக வந்தவள், நடு ராத்திரி இடுப்புவலி. நர்ஸ் ஹிந்தியில் கேட்கிறாள், இவள் தமிழில் அழுகிறாள். புருஷன் ஃபீல்டில். நடுவில் நான் நின்று "எங்கே வலிக்குதாம்" என்று விடியும்வரை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். என் கையை அவள் நசுக்கின நசுக்கலில் வளையல் வளைந்துபோனது. இதற்கு எந்த லெட்டர்ஹெட்டில் எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் தருவார்கள், சொல்.

அதற்கு முன்னாலும் உண்டு. 2001 டிசம்பர் 13 பார்லிமெண்ட் தாக்குதல் நடந்ததே, அதற்குப் பிறகு பட்டாளம் எல்லைக்குப் போனது. ஆபரேஷன் பராக்ரம். அடுத்த அக்டோபரில்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். நான் மீரட்டில், கையில் குழந்தை. இவருக்கு எழுதுகிற கடிதத்தில் நம்பர், பேர், யூனிட், "56 ஏ.பி.ஓ." என்று பட்டாளத்துத் தபாலாபீஸ் நம்பர், அவ்வளவுதான் விலாசம். ஊர் பேர் கிடையாது. பால்வாடியில் "அப்பா எங்கே?" என்று கேட்டால் சின்னது ஐம்பத்தாறை ஹிந்தியில் "சப்பன் ஏ.பி.ஓ." என்று சொல்லும், ஏதோ தாத்தா ஊர் மாதிரி.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம் எங்கள் குவார்ட்டர்ஸ் லைனுக்குள் பட்டாளத்து ஜிப்ஸி ஜீப் வந்தது. நேரங்கெட்ட நேரத்தில் ஜிப்ஸி வந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வாசலுக்கு ஒருத்தியாக வந்து நின்றோம். ஒருத்தி கையில் சப்பாத்தி மாவு, ஒருத்தி கையில் சோப்பு நுரை. வண்டி என் கேட்டைத் தாண்டியது. மூச்சு விட்டேன். நாலு வீடு தள்ளி நின்றது. கண்ணிவெடி புதைக்கும்போது வெடித்ததாம். போரே நடக்கவில்லை கோமு, அந்த வீட்டுக்காரியின் புருஷனை யாரும் சுடவில்லை. அவள் வீட்டு அடுப்பில் பருப்பு பாதி வெந்திருந்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன். இதை உனக்கு அப்போது எழுதவில்லை. உன் கல்யாணப் பத்திரிகை வந்திருந்த வாரம் அது.

மகளைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். பெங்களூரில் நன்றாக இருக்கிறாள். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் "டிபெண்ட்ஸ்" என்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். ஊர் ஊராக ஹிந்தி மீடியம் சூழலில் வளர்ந்த பிள்ளை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நீ அவளுக்கு அனுப்பின பிறந்தநாள் வாழ்த்தை நான்தான் போனில் வாசித்துக் காட்டினேன்.

இப்போது முக்கியமான சங்கதி. இரண்டு மாசமாக வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். மணப்பாறையில் இருக்கிற பழைய சுபேதார் ஒருத்தர் ஆரம்பித்து வைத்தது. ஜவான்களின் விதவைகள், வயசான அம்மாக்கள், மஞ்சப்பையில் மொத்தக் காகிதமும். ஓய்வூதியம் நிற்காமல் வர, நவம்பர் வந்தால் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டுமே. போன புதன்கிழமை ஒரு அம்மா. களை எடுத்து எடுத்து விரல் ரேகையே தேய்ந்துபோயிருந்தது, மெஷின் வாங்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தோம், ஊஹூம். அப்புறம் என் போனில் முகத்தை வைத்துச் செய்தேன். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது ஆப். அந்த அம்மா போட்டோ என்று நினைத்து, விறைப்பாக, கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். நான் எதிரே உட்கார்ந்து சிமிட்டிக் காட்ட, அவரும் சிமிட்ட, "வெற்றி" என்று வந்தது. அந்த அம்மாவுக்கு வந்த சிரிப்பைப் பார்க்கவேண்டும்.

எல்லாம் சிரிப்பில்லை. குடும்ப ஓய்வூதியத்தில் மூன்று வகை. போர் நடவடிக்கையில் இறந்தால் கடைசியாக வாங்கின சம்பளம் முழுசும். பணியின் காரணமாக என்றால் 60 சதவீதம். மற்ற சாவு என்றால் முதல் பத்து வருஷம் 50, அப்புறம் 30. லீவில் வந்தவன் பைக்கில் அடிபட்டுப் போனால் அவன் பெண்டாட்டிக்கு இந்த மூன்றாவதுதான் என்கிறார்கள். கணக்கு நியாயமாகக்கூட இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருக்கிறவளிடம் அதை வாயால் சொல்ல வேண்டியது நான். உங்களுக்கு ஏன் பக்கத்துத் தெருக்காரியைவிடக் குறைவு என்று விளக்கிச் சொல்ல எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. இவர் அந்த நேரத்தில் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார்.

இவருக்கு இன்னொரு வருத்தம், வருகிறவர்கள் எல்லாம் "அம்மா இருக்காங்களா?" என்று கேட்பது. கர்னல் கதவைத் திறக்கிறார், காபி போடுகிறார், ஜெராக்ஸ் எடுத்து வருகிறார். நல்ல ஆபீஸ் பையன்.

உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். அந்த உசிலம்பட்டிப் பெண்ணின் மாமியார் இப்போது அங்கே தனியாக இருக்கிறாராம், அவருடைய புருஷனும் பழைய பட்டாளத்துக்காரர். ஓய்வூதியம் சில மாதமாக வரவில்லை. திருச்சிக்கு வர முடியாத உடம்பு. மதுரையிலிருந்து உனக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. போஸ்டாபீசில் காலம் தள்ளினவள் நீ, ஃபாரம் உனக்குப் பயமில்லை. பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய உத்தரவு, பாஸ்புக், ஆதார் மூன்றிலும் பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்று முதலில் பார். தொண்ணூறு பங்கு சிக்கல் அங்கேதான் இருக்கும். விலாசம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை போய்விட்டு வந்து எழுது. முழங்கால் வலி என்று சாக்குச் சொன்னால் இவரை அனுப்பி உன் வீட்டு வாசலில் வெள்ளைக்கோடு போடச் சொல்வேன்.

உன்,
சாவித்திரி