ஹெட்லைட் குறையை எங்கள் தலையில் கட்டாதீர்கள்: மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் சைக்கிள்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவர்களுடைய வடிவமைப்புக்கு ஒப்புதல் தரும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

புது வண்டி எடுத்தவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதற்கு எந்த பல்பு போட்டால் வெளிச்சம் நன்றாக இருக்கும்?" பிரேக்கைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. வண்டியோடு வந்த பிரேக் போதாது, வேறு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஊரே கொதித்துவிடும். ஹெட்லைட் விஷயத்தில் மட்டும் எல்லோரும் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பழக்கத்தை எங்களுக்கு ஏற்படுத்தியவர்கள் நீங்கள்தான். அதனால்தான் இந்தக் கடிதம் பல்பு விற்பவர்களுக்கு அல்லாமல் உங்களுக்கு வருகிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. சாலையில் ஒருவர் நிற்பதைக் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக்கும் காய்ந்த சாலையும் இருந்தால் நிற்பதற்கு மேலும் 20 மீட்டர். ஆக மொத்தம் 45 மீட்டர். வேகம் 80 ஆனால் இந்தக் கணக்கு 70 மீட்டரை நெருங்குகிறது. கறுப்புச் சட்டை அணிந்து சாலையோரம் நடப்பவரை அத்தனை தூரத்தில் டிம் வெளிச்சத்திலேயே காட்டக்கூடிய விளக்குகள் உங்கள் விலை குறைந்த வண்டிகளில் எத்தனையில் இருக்கின்றன? உங்கள் சோதனைக்கூடத்தில் இதற்கு விடை இருக்கும். எங்கள் கையேட்டில் இல்லை.

விடை கிடைக்காதவர்கள் கடையில் போய் நிற்கிறார்கள். '30 சதவீதம் கூடுதல் வெளிச்சம்' என்று பெட்டியில் அச்சிட்ட பல்பை வாங்குகிறார்கள். தூரம் இரட்டிப்பானால் அங்கு விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது உங்களுக்குத் தெரிந்த பாடம். அதன்படி, பெட்டியில் சொன்ன 30 சதவீதமும் முழுமையாகச் சாலைக்குக் கிடைத்தால்கூட, 50 மீட்டரில் தெரிந்தது இனி 57 மீட்டரில் தெரியும். இலாபம் ஏழு மீட்டர். அந்த ஏழு மீட்டர் ஓர் உயிரைக் காக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதைவிட அதிக வெளிச்சத்தை உங்கள் வயரிங்கே விழுங்கிவிடுகிறது.

என் வண்டியில் இதை அளந்து பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் காட்டியது 13.6 வோல்ட். ஹெட்லைட்டை எரியவிட்டு, ஹோல்டரின் பின்பக்கம் ஊசியைச் செருகிப் பார்த்தபோது 11.9. இடையில் 1.7 வோல்ட் எங்கே போனது? மின்சாரம் சாவி சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து கைப்பிடி சுவிட்சுக்கு ஏறி, இரண்டு மூன்று இணைப்பிகளைக் கடந்து, மெல்லிய கம்பி வழியே பல்புக்கு இறங்குகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு தொடுமுனையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி அதைத் தின்கிறது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் அளவுக்கு மட்டும் குறைவதில்லை, ஏறத்தாழ அதன் 3.4-ஆம் அடுக்கில் (power) குறைகிறது; அதாவது வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் வெகுவாக இறங்கிவிடும். என் அளவுகளை அதில் போட்டால், முழு வோல்டேஜில் கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கம்பியிலேயே காலி. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல, நாங்கள் பல்பை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

இதற்கான தீர்வை எந்த நல்ல மின் மெக்கானிக்கும் அறிவார். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த கம்பி ஒன்று, இடையில் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), பல்புக்கு நல்ல எர்த். கைப்பிடி சுவிட்ச் ரிலேயை இயக்கினால் போதும், பல்பின் சுமை முழுவதையும் அது தாங்க வேண்டியதில்லை. விளக்கு பேட்டரியிலிருந்து எரியும் வண்டிகளுக்கு இது பொருந்தும். எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் ஸ்டேட்டரின் மாறுமின்சாரத்தில் நேரடியாக விளக்கை எரிக்கும் சிறிய வண்டிகளின் கதை இன்னும் மோசம்: எஞ்சின் வேகம் குறைந்தால் விளக்கும் மங்குகிறது. இருண்ட திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து நிதானமாக வளைபவருக்குத்தான் வெளிச்சம் குறைகிறது. கவனமாக ஓட்டுபவரைத் தண்டிக்கும் இந்த அமைப்பை இனி எந்தப் புது மாடலிலும் வைக்காதீர்கள்.

அடுத்து, நீங்கள் சொல்லாமல் விட்டதால் நடக்கும் ஆபத்துகள். பல சிறிய வண்டிகளில் வருவது 35/35 வாட் எச்.எஸ்-1 பல்பு. பெரியவற்றில் 60/55 வாட் எச்-4. வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 35 வாட்டுக்கு 3 ஆம்பியர் போன கம்பியில் இப்போது 8 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். கம்பியின் இழப்பு கூடுகிறது, ஹோல்டர் இளகுகிறது, ஒளியைச் சாலைக்குத் திருப்பும் ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகுகிறது, ஸ்டேட்டரால் ஈடுகொடுக்க முடியாமல் பேட்டரி இறங்குகிறது. உங்கள் வண்டியின் ஸ்டேட்டர் எத்தனை வாட் தரும், அதில் எஞ்சினுக்கும் மற்றவற்றுக்கும் போக விளக்குக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற இரண்டே எண்களைக் கையேட்டில் அச்சிட்டிருந்தால் இவர்களில் பாதிப் பேர் அந்த பல்பைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எல்.இ.டி. பல்புகளின் விவகாரம் இதைவிடச் சிக்கலானது. எச்-4 பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள். முன்னால் இருக்கும் டிம் இழைக்கு அடியில் சின்னக் கரண்டி போல ஓர் உலோகத் தகடு இருக்கும். அந்த இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் மறைப்பதே அதன் வேலை. அது மறைப்பதால்தான் டிம் வெளிச்சம் சாலையில் விழுகிறது, எதிரே வருபவரின் கண்ணில் அடிப்பதில்லை. இழை இருக்கும் இடம், நீளம், அந்தத் தகட்டின் விளிம்பு எல்லாவற்றுக்கும் வாகன பல்புகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 37 அளவு வகுத்திருக்கிறது. உங்கள் ரிஃப்ளெக்டரும் அந்த அளவை நம்பித்தான் வளைக்கப்பட்டிருக்கிறது. அதே ஹோல்டரில் பொருந்தும் எல்.இ.டி. பல்பில் ஒளி தரும் சில்லுகள் (chips) ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும், அல்லது இரு பக்கமும் மட்டுமே ஒளி வீசினாலும், ஒளிக்கற்றையின் வடிவம் கெட்டுவிடும். வண்டிக்கு முன்னால் பத்தடி தூரம் பளீரென்று வெளுக்கும். ஓட்டுபவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அருகில் உள்ள வெளுப்புக்குக் கண் பழகிவிடுவதால் தொலைவில் உள்ளது முன்பைவிட மங்கலாகத் தெரியும். எதிரே வருபவருக்கோ சில நொடிகள் பார்வையே இருக்காது. அப்படிக் கண் கூசியபடி எதிர்த் திசையில் நானும் வண்டி ஓட்டியிருக்கிறேன். கோபம் வருகிறது, ஆனால் அந்த ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

எல்லா எல்.இ.டி. பல்பும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனி 2020-இல் ஹாலஜனுக்கு மாற்றாக எல்.இ.டி. பல்புக்கு முதன்முதலில் அனுமதி தந்தபோது, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வாகனங்களுக்கு மட்டுமே தந்தது. நீங்களும் அதைச் செய்யலாமே? எந்த மாற்று பல்பு உங்கள் ரிஃப்ளெக்டரில் சரியாகக் குவிகிறது என்று சோதித்து, மாடல்வாரியாகப் பெயர் சொல்லிப் பட்டியல் போடுங்கள். எதுவும் சரிவரவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று, செலவே இல்லாதது. ஹெட்லைட்டின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் திருகு. அது எங்கே இருக்கிறது என்று தெரியாத ஓட்டுநர்களே அதிகம். பின்னால் ஒருவர் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து, ஒளி மேலே எழும்பி மரக்கிளைகளுக்குப் போய்விடுகிறது. புது பல்பு வாங்குவதற்கு முன் சுவருக்கு எதிரே 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, வழக்கமான சுமையோடு ஒளியின் மேல்விளிம்பைப் பார்த்துச் சரிசெய்தாலே பலருக்குக் குறை தீர்ந்துவிடும். கழற்ற முடியாத பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பின்னால் அந்தத் திருகை ஒளித்து வைக்காதீர்கள். கையால் திருப்பக்கூடியதாக, எஞ்சின் எண்ணெய் அளவைப் பார்க்கும் இடத்தைப் போலவே எளிதில் எட்டும்படி வையுங்கள்.

ரிலேயோடு கூடிய வயரிங்கும் நிலையான மின்சாரமும் அடுத்த மாடலில் வர வேண்டும். அதற்கு வடிவமைப்பு நேரம் தேவை, புரிகிறது. ஆனால் ஸ்டேட்டரின் வாட், விளக்குக்கு மிஞ்சும் வாட், ஹோல்டரில் இருக்க வேண்டிய வோல்ட், ஒளியின் விளிம்பு எந்த உயரத்தில் விழ வேண்டும், எந்த மாற்று பல்புகளைச் சோதித்தீர்கள் என்ற விவரங்கள் ஒரே பக்கத்தில் அடங்கும். ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளுக்கும் அவை பொருந்தும். உங்கள் கோப்புகளில் இருக்கும் அந்தப் பக்கத்தை இந்த ஆண்டே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
இரவில் வண்டி ஓட்டுபவர்களில் ஒருவர்