பெட்டிக்குக் கீறல் இல்லை, வீணைக்குத்தான் கொப்புளம்

கொழும்பிலிருந்து மலையகத்துக்குப் பொதி ஏற்றி இறக்கும் கூரியர் நிறுவனத்தின் முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

உங்கள் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இந்த மடலில் நான் எழுதவில்லை. கவுண்டரில் நின்ற தம்பியின் வேலைக்கு என்னால் பங்கம் வரக்கூடாது என்பது ஒரு காரணம். நான் வாங்கிய அதே பதிலை வேறு இடங்களில் வாங்கியவர்களும் இருப்பார்கள், அவர்களுடைய முகாமையாளர்களும் இதை வாசிக்கட்டும் என்பது இன்னொன்று.

நான் ஹட்டன் பக்கத்தில் சங்கீத டீச்சர். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கொழும்பில் ஒரு கடையில் தஞ்சாவூர் வீணை ஒன்று வாங்கினேன். இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. கடையிலேயே உட்கார்ந்து அரை மணித்தியாலம் வாசித்துப் பார்த்தேன். குடத்தை, அதாவது வீணையின் உருண்ட அடிப்பாகத்தை, திருப்பித் திருப்பிப் படமும் எடுத்துக்கொண்டேன். ரயிலில் கையோடு கொண்டுவரத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் புதுவருட விடுமுறைக்கு ஊர் திரும்பும் சனத்தோடு பதுளை ரயிலில், மூன்றாம் வகுப்பில், நாலடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது என்பது... சரி, அதைச் சொல்லத் தேவையில்லை, நீங்களும் அந்த ரயிலில் போயிருப்பீர்கள். ஆகவே உங்களிடம் கொடுத்தேன். ‘உடையக்கூடியது’ என்ற சிவப்பு ஸ்டிக்கருக்குத் தனியாகக் காசும் கட்டினேன்.

வெள்ளி கொடுத்தது செவ்வாய் வந்தது. வாசலில் லொறி நின்றது. பையன் பேனாவை நீட்டினான். பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன், ஒரு மூலைகூட நசுங்கவில்லை. சந்தோஷமாகக் கையொப்பம் வைத்தேன்.

பின்னேரம் பெட்டியைத் திறந்தேன். சுற்றியிருந்த குமிழ்த் தாளை உரித்தபோது அது சுலபமாகக் கழன்று வரவில்லை. ஈரக் கண்ணாடியில் ஒட்டிய பொலித்தீனைப் போல சரசரவென்று பிரிந்து வந்தது. பிள்ளைகள் டொக் டொக்கென்று அமுக்கி உடைப்பார்களே, அந்தத் தாள்தான். அதன் ஒவ்வொரு குமிழும் குடத்தின் முதுகில் வட்டம் வட்டமாக அச்சுப் பதித்திருந்தது. வரிசை பிசகாமல், தேன்கூடு மாதிரி. விரலை வைத்துத் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது. பெட்டியின் அடிப்பக்கமாகக் கிடந்த பாகத்தில் அச்சு ஆழம், மேலே போகப் போகக் குறைவு. தண்டியின், அதாவது நீண்ட கழுத்தின், பக்கத்தில் டேப் இறுக்கிச் சுற்றிய இடத்தில் பால் சிந்தியது போல ஒரு வெள்ளைப் படலம். மெட்டுகளைப் பார்த்தேன், சுரம் பிடிக்கத் தந்தியை வைத்து அழுத்துகிற வெண்கலக் கட்டைகள் அவை. இருபத்து நாலில் மேல்ஸ்தாயியின் மூன்று மெட்டுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

மறுநாள் உங்கள் கிளைக்கு வந்தேன். தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “பொட்டியில ஒண்ணுமே இல்லையே டீச்சர். நீங்க சைனும் வச்சிருக்கீங்க” என்றார். படங்களைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “சத்தம் வருது தானே?” என்று கேட்டார். அப்புறம் ஒரு படிவத்தைத் தந்தார். அதில் மூன்றே கேள்வி. பெட்டி உடைந்ததா? பெட்டி நனைந்ததா? பொருள் தொலைந்ததா? மூன்றுக்கும் என் பதில் ‘இல்லை’. ஆக, உங்கள் கணக்கில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

நான் எழுத வந்ததே இந்தப் படிவத்தைப் பற்றித்தான். உடைவது மட்டும்தான் சேதம் என்று அது நினைக்கிறது.

ஐயா, அந்த வீணைக்குப் பூசியிருப்பது அரக்கு. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரப்பதைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற பொலிஷ். கல்யாண மேசைகளுக்கும் பழைய பியானோக்களுக்கும் போட்டதும் இதைத்தான். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் சூடு அதற்கு ஆகாது. மாத்தளைப் பக்கம் ஹப்புவிடயில் பரம்பரையாக அரக்கு வேலை செய்பவர்கள் அதைக் கரி நெருப்பில் காட்டி இளக்கி, நூலாக இழுத்து, நகத்தாலேயே வெட்டி மரத்தில் ஒட்டுவார்கள். சூட்டில் இளகும் என்பதால்தான் அந்தக் கலையே இருக்கிறது. நல்லாக் காய்ந்த அரக்கு உருக 75 பாகை செல்சியஸ் போல வேண்டும். ஆனால் இளகுவதற்கு அவ்வளவு வேண்டாம், அதுவும் ஸ்பிரிட் முழுதாக வெளியேறாத புதுப் பூச்சு என்றால் இன்னும் குறைவான சூடே போதும். அதன் மேல் பாரமும் இருந்தால் எது அழுத்துகிறதோ அதன் அச்சு விழும்.

இப்போது உங்கள் பக்கத்தைப் பாருங்கள். ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு உச்சம் என்று பத்திரிகைகள் வருடா வருடம் போடுகின்றன. அந்த வெயிலில் மூடிய லொறியின் உள்ளே 50 பாகையைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. தகரக் கூரைக் களஞ்சியமும் கிட்டத்தட்ட அதே கதைதான். வெள்ளி பின்னேரத்திலிருந்து என் வீணை எங்கே இருந்தது என்று தம்பியிடம் கேட்டேன். “கொழும்புல ஸ்டோர்ல தான் டீச்சர், திங்கள் ராத்திரி தான் ஏத்துவாங்க” என்றார். மூன்று பகல்.

அது சூட்டில் கிடந்ததற்கு என்ன அத்தாட்சி என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சாய்ந்த மெட்டுகள்தான் அத்தாட்சி. வீணையின் வெண்கல மெட்டுகளை ஆணி அடித்து வைப்பதில்லை. தேன்மெழுகு சேர்ந்த கறுப்பு மெழுகில் பதித்து நிறுத்துகிறார்கள், மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். தேன்மெழுகு 62 பாகைக்கு மேல் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே பிசையலாம் போல மெதுவாகிவிடும். வெள்ளிக்கிழமை நான் வாசித்தபோது அந்த மூன்று மெட்டுகளும் நேராக நின்றன, சுருதி பிசகவில்லை. படம் இருக்கிறது. ஹட்டன் குளிரில் மெழுகு இளகாது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

அந்த வெள்ளைப் படலம் வேறு கதை. கொழும்பின் ஈரக் காற்றை உள்ளே வைத்து, பிளாஸ்டிக்கால் இறுக்கி, டேப்பும் சுற்றிய பொதி அது. அவிசாவளை, கித்துல்கல என்று ஏறி, கினிகத்தேனை தாண்டி, 1,270 மீட்டர் உயரத்து ஹட்டனுக்கு விடியற்காலையில் வந்து சேர்கிறது. வட்டவளை வளைவுகளில் பஸ் கண்ணாடிக்கு உட்பக்கமாக ஆவி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஆவி தாளுக்கும் அரக்குக்கும் நடுவில் பிடித்து, போக வழியில்லாமல் நின்றிருக்கிறது. சூடான தேத்தண்ணிக் கோப்பையைப் பொலிஷ் மேசையில் வைத்தால் விழுகிற வெள்ளை வட்டமும் இதே வகைதான்.

கடைக்காரர் மேல் பிழை இல்லை என்று நான் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கை நேரே அரக்கின் மேல் சுற்றியது அவர். என் குரு தன் வீணையை எங்கே கொண்டுபோனாலும் துவைத்துத் துவைத்து நைந்த பருத்திச் சேலையில்தான் முதலில் சுற்றுவார், மற்றதெல்லாம் அதற்கு மேல்தான். கடையில் அவசரமாகக் கட்டும்போது நானாவது ஞாபகமாகச் சொல்லியிருக்க வேண்டும், என் மீதும் கொஞ்சம் பிழை. அவரிடம் பேசினேன், பாதிச் செலவை ஏற்கிறேன் என்றார். அவருக்கு நன்றி. மூன்று பகல் வெக்கையில் போட்டு வைத்த பங்கை யார் ஏற்பது?

வீணைக்காரருக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்துக் கோயிலில் பாடும் ஒரு தம்பிக்கு வெளிநாட்டு மாமா பழைய கிட்டார் ஒன்று அனுப்பினார். அதற்கு அரக்கு இல்லை, நைட்ரோசெல்லுலோஸ் என்ற இரசாயனப் பூச்சு. ஜனவரியில் நுவரெலியாவின் உறைபனிக் காலத்தில், இரவு முழுக்க வெளிக்கூடத்தில் கிடந்த பெட்டியைக் கொண்டுவந்து அடுப்பங்கரைச் சூட்டில் உடனே திறந்திருக்கிறார்கள். மரம் ஒரு வேகத்தில் விரிய, மேற்பூச்சு இன்னொரு வேகத்தில் விரிய, கண்ணெதிரே சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்பு ஓடியதாம். பெட்டியைத் திறக்காமல் ஒரு நாள் வீட்டுக்குள் வைத்திருந்தால் தப்பியிருக்கும். உங்கள் பையனோ வாசலில் நின்று, “திறந்து பார்த்துட்டு சைன் வைங்க” என்கிறான். திறந்தால் கருவிக்குக் கேடு, திறக்காமல் கையொப்பம் வைத்தால் எனக்குக் கேடு. நல்ல வியாபாரம்.

“சத்தம் வருது தானே” என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். வருகிறது. உங்கள் லொறியைச் சுவரில் உரசி ஒரு பக்கத்துப் பெயின்ட் முழுக்கப் போனாலும் லொறி ஓடும். அதற்காகக் காப்புறுதிக்காரரிடம் போகாமல் இருப்பீர்களா? அரக்கு வெறும் பளபளப்புக்குப் பூசியது இல்லை. அடியில் இருப்பது பலா மரம். வருடத்தில் பாதி நாள் மூட்டம் இறங்கும் ஊரில், மரத்துக்குள் ஈரம் ஏறி இறங்காமல் தடுப்பது அந்தத் தோல்தான். தஞ்சாவூர் வீணைக்கு இந்தியாவில் 2013இல், இன்ன ஊரின் சிறப்புப் பொருள் என்று காட்டும் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். உங்கள் பற்றுச்சீட்டில் அதற்குக் கிடைத்த குறியீடு ‘மரச்சாமான்’.

வீணை இப்போது ஹட்டன் டவுனுக்குக் கீழே ஒரு பொலிஷ் பாஸிடம், அதாவது பொலிஷ் வேலைக்காரரிடம், இருக்கிறது. தளபாட வேலைதான் செய்பவர், ஆனால் கைராசிக்காரர். குடத்தின் அடியில் கண்ணுக்குப் படாத இடத்தில் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பார்த்தார். உடனே பிசுபிசுத்தது. “அரக்குத்தான் டீச்சர், தப்பிச்சீங்க. இது வேற பொலிஷா இருந்தா முழுசாச் சுரண்டணும்” என்றார். புது அரக்கு பழைய அரக்கைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், அதுதான் இதில் உள்ள ஒரே நன்மை. வெள்ளைப் படலம் ஸ்பிரிட் பஞ்சால் நாலு இழுப்பில் போய்விட்டது, பார்க்கவே அதிசயமாக இருந்தது. குமிழ் அச்சு அப்படிப் போகாது. மென் தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, மெல்லிசு மெல்லிசாகப் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும், இந்த மழையில் காய்வதற்கே வாரக்கணக்கு. கூலி 18,000 ரூபா. மேளம் கட்ட ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும், அது தனி.

கூலியில் மற்றப் பாதியைக் கேட்கிறேன். அதைவிட, படிவத்தில் ‘மேற்பூச்சு சேதம்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். வாங்கியவர் வீட்டில் ஒரு நாள் வைத்துத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். ஸ்டிக்கரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பொதிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 780 என்ற சர்வதேசத் தரக் குறியீடுகளில், உடையக்கூடியது என்ற கோப்பைப் படம், நனைக்காதே என்ற குடைப் படம் போல, வெயிலில் வைக்காதே என்று சூரியன் படமும் இருக்கிறது. உங்கள் கவுண்டரில் கோப்பை மட்டும்தான் விற்கிறீர்கள்.

உங்கள் படிவத்தை நிரப்பாமலே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கடையில் எடுத்த படங்களையும் ஹட்டனில் எடுத்த படங்களையும் பின்னால் இணைத்திருக்கிறேன். பாஸ் வேலை முடிந்ததும் ஒரு சனிக்கிழமை வீணையோடு உங்கள் கிளைக்கு வருகிறேன், தம்பிக்கும் அந்தக் குடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். உங்கள் கவுண்டர் வீணை வைக்கப் போதாது. பாய் ஒன்று நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு சங்கீத டீச்சர்